குன்னூர் சிம்ஸ் பூங்கா

மன்னர்களும் செல்வர்களும் தமக்கென அமைத்துக்கொண்ட தோட்டங்கள் பண்டைக்காலத்தில் பல இருந்தன. எல்லா மக்களும் வந்து இளைப்பாறுவதற்கென அரசே பூங்கா அமைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் உலகெங்கும் பரவியது. மக்கள் நெடுங்காலமாகக் கூடி மகிழ்ந்த இடங்களைப் பொதுப் பூங்காக்களாக்க ஜப்பானிய அரசு 1873இல் ஆணையிட்டது. தோக்கியோ நகரின் உவேனோ பூங்கா அவ்வாறு தோன்றியதே. அதற்கு அடுத்த ஆண்டில், நம் நீலகிரியின் குன்னூரில் ஒரு பூங்கா உருவாயிற்று. அதுவே சிம்ஸ் பூங்கா.

ஜே. டி. சிம், மேஜர் மர்ரே ஆகியோரின் முயற்சியால் 1874இல் இப்பூங்கா அமைந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,780 மீட்டர் உயரத்தில், சுமார் 12 ஹெக்டேர் பரப்பில் இது விரிந்துள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் தோன்றிய இவ்விடம், இன்று தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறையின் பராமரிப்பில், நுழைவுச்சீட்டுப் பெறும் எவருக்கும் உரியதாக விளங்குகிறது.

இதன் சிறப்பு இதன் அமைப்பில் உள்ளது. சமவெளிப் பூங்காக்களைப்போல் நிலத்தைச் சமன்செய்து இதை அமைக்கவில்லை. மலைமடிப்பு ஒன்றின் இயல்பான சரிவே இங்குப் பூங்காவாகியுள்ளது. வளைந்து இறங்கும் பாதைகள், படிப்படியான மலர்ப்பாத்திகள், அடியில் ஒரு சிறு ஏரி என நிலத்தின் போக்கிற்கேற்பவே அனைத்தும் அமைந்துள்ளன. இவ்வமைப்பில் ஜப்பானியத் தோட்டக்கலையின் சாயல் உண்டென்பர். சிறுவர் புல்வெளியில் ஓடியாட, முதியோர் மரநிழலில் அமர்ந்து அவர்களைப் பார்த்திருக்க, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினரும் ஒருசேர மகிழும் இடமாக இது திகழ்கிறது. ஆண்டுதோறும் கோடையில் இங்குப் பழக்கண்காட்சியும் நடைபெறுகிறது.

இப்பூங்கா கண்ணுக்கு விருந்து. கற்போருக்கோ திறந்த நூல். ருத்ராட்சம், மக்னோலியா, பைன், மரப்பெரணி முதலான பல்வகைத் தாவரங்கள் இங்கு உள்ளன. பூக்கும் தாவரங்கள் தோன்றுவதற்கு முன்பே பூவுலகில் தழைத்தவை பெரணிகள். அழகுக்காக வளர்க்கப்படும் கமேலியாவும், குன்னூரைச் சூழ்ந்த தோட்டங்களில் நாம் காணும் தேயிலையும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. மலருக்காக ஒன்றையும் கொழுந்துக்காக மற்றொன்றையும் மாந்தர் வளர்த்தனர்.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை உணர்தல் வேண்டும். பூங்காவின் பசுமை வேறு. மலையின் பசுமை வேறு. பூங்காவிலுள்ள மரங்களுள் பல, அயல்நாடுகளிலிருந்து வந்தவை. நீலகிரியின் இயற்கைச் செல்வம், மலைமடிப்புகளில் செறிந்த சோலைக்காடுகளும் சரிவுகளில் பரந்த புல்வெளிகளுமே. மழைநீரை உள்வாங்கிச் சிறிது சிறிதாக ஓடைகளில் விடுவன அவை. பவானி, மோயாறு ஆகியவற்றுக்கு நீரூட்டுவது இம்மலை. சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றைப் பெருமளவில் நட்டதால் இப்புல்வெளிகள் சுருங்கின. அயல்மரம் பூங்காவின் எல்லைக்குள் இருக்கும்போது அழகு. மலை முழுவதையும் மூடும்போது கேடு. இவ்வேறுபாட்டை அறிந்தவரே பசுமையைப் படிக்கத் தெரிந்தவர்.

பூங்காவுக்குச் செல்வோர்க்கும் கடமைகள் உண்டு. நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை உள்ளது. சரிவில் எறியும் ஓர் உறைகூட மழைநீரோடு ஓடையைச் சென்றடையும். ஆதலின், உணவையும் நீரையும் மீண்டும் பயன்படுத்தத்தக்க கலங்களில் கொண்டுசெல்லுதல் நன்று. மலர் கொய்யாமையும், மரப்பட்டையில் பெயர் பொறிக்காமையும், பேரொலி எழுப்பாமையும் நாம் பேணவேண்டிய ஒழுக்கங்களாகும்.

நெடிதுயர்ந்து நிற்கும் மரங்களுள் பலவற்றை நட்டவர்கள் அவற்றின் முழு வளர்ச்சியைக் கண்டிருக்கமாட்டார்கள். அவர்கள் நட்டது நமக்காக. நாம் காப்பது, இனி வரும் குழந்தைகளுக்காக. பொதுச்சொத்து என்பது எவருக்கும் உரிமையற்றது என்று பொருள்படாது. ஒவ்வொருவருக்கும் பொறுப்புள்ளது என்பதே அதன் பொருள்.