போதகருக்கு எதற்குத் தேர்வு?

1938 டிசம்பரில் தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கூடிய உலக மிஷனெரி மாநாடு, இறையியல் கல்வியின் நலிவைத் திருச்சபையின் பெரும் பலவீனங்களில் ஒன்றாகக் கண்டது. ஸ்காட்லாந்து மிஷனெரிகளின் பணியில் வேர்விட்ட கல்லூரி அது. அவர்களுடைய சீர்திருத்த மரபில், குருப்பட்டத்துக்கு முன் போதகர்களும் மூப்பர்களும் கூடி வேதம், கோட்பாடு, சபை நிர்வாகம் பற்றிப் பட்டம் பெறவிருப்பவரிடம் நேரில் கேட்பார்கள். பிரசங்கமும் செய்யச் சொல்வார்கள்.

அழைப்பு கடவுளுடையது, மனிதர் ஏன் சோதிக்க வேண்டும் என்பார்கள் சிலர். தன் அழைப்புக்குத் தானே சாட்சி சொல்பவரிடம் சபை எப்படித் தன்னை ஒப்படைக்கும்? இரக்கத்துக்கு மதிப்பெண் போட முடியாது, உண்மைதான். ஆனால் மகனை இழந்த தாயிடம் முன்குறித்தலை, அதாவது கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்னும் கோட்பாட்டை, அரைகுறையாகப் போதிப்பவர் இரக்கத்தோடே காயப்படுத்துவார். ஆகவே அந்த மரபின் கோட்பாட்டு நூலான வெஸ்ட்மின்ஸ்டர் வினாவிடையை மனப்பாடம் செய்தால் போதாது. குரோம்பேட்டையிலோ சேலையூரிலோ ஒரு வீட்டுக் கூட்டத்தில் அதைப் பேச்சுத் தமிழில் விளக்கி, குறுக்குக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிப் பழக வேண்டும்.