முதல் பரிசு உண்டு, இரண்டாம் பரிசு கிடையாது!

“லீவு விட்டால் போச்சு, பந்தும் கையுமாய்த் தெருவே கதி!” என்று பிள்ளைகளை அலுத்துக்கொள்ளாத தாய்மார் உண்டா? அதே கோடை லீவில், அதே பந்தை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் பத்து லட்சம் டாலரைத் தட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும்!

போட்டியின் பெயரே ‘தி பாஸ்கெட்பால் டூர்னமென்ட்’தான். சுருக்கமாக டி.பி.டி. என்பார்கள். ஜொனாதன் முகார் என்பவர் 2014-ல் ஆரம்பித்தார். முதல் வருஷம் 32 அணிகள். பரிசு ஐந்து லட்சம் டாலர். நோட்ரடாம் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் அதை ஜெயித்தார்கள். 2015-ல் பத்து லட்சமாகவும், 2016-ல் இருபது லட்சமாகவும் பரிசு ஏறிற்று. 2020-ல் மறுபடி பத்து லட்சத்துக்கு வந்தது.

இதில் விசேஷம் என்னவென்றால், அணி சேர்த்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பெரிய கிளப்பின் சிபாரிசு வேண்டாம். ஆரம்ப வருஷங்களில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டே பல அணிகளை உள்ளே அனுப்பினார்கள். ஆனால் உள்ளே வந்தபின் தயவு தாட்சண்யம் கிடையாது. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றவர்களுக்கும் அதே கதி. பணம் முழுக்க ஜெயித்தவர்களுக்கே!

வெளிநாட்டுச் சம்பாத்தியம்

ஆடுகிறவர்கள் யார்? கல்லூரி நாளில் பெயர் வாங்கி, என்.பி.ஏ. என்ற பெரிய லீகில் நிலைக்க முடியாமல் போனவர்கள் நிறையப் பேர். ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் போய் ஆடிப் பிழைக்கிறார்கள். கோடையில்தான் வீட்டுக்கு வருவார்கள். “எம் பிள்ளை பந்து ஆடுறான்னு கேள்விப்படறதோட சரி” என்று இருக்கிற தாய்க்கும் மனைவிக்கும் கண்ணால் பார்க்கக் கிடைப்பது இந்தக் கொஞ்ச நாள்தான்.

அப்படி வெளிநாட்டில் ஆடுகிறவர்கள் சேர்ந்த ‘ஓவர்சீஸ் எலீட்’ என்ற அணி, 2015 முதல் 2018 வரை நாலு வருஷமும் விடாமல் ஜெயித்தது. கணக்குப் போட்டால் மொத்தம் எழுபது லட்சம் டாலர்! 2019 அரையிறுதியில் அவர்களைத் தோற்கடித்து, பிறகு பரிசையும் வாங்கியது ஒஹையோ ஸ்டேட் பழைய மாணவர்களின் ‘கார்மென்ஸ் க்ரூ’ அணி. அதில் ஆடிய ஆரன் க்ராஃப்ட், 2020 போட்டியோடு பந்தைக் கீழே வைத்துவிட்டு மருத்துவக் கல்லூரிக்குப் படிக்கப் போனார். முப்பது வயதை நெருங்குகையில் புத்தகத்தைக் கையில் எடுக்கத் துணிவு வேண்டாமா?

கடிகாரத்தை அணைக்கிறார்கள்!

கூடைப்பந்தில் ஒரு தொல்லை உண்டு. கடைசி நிமிஷங்களில், பின்தங்கிய அணி வேண்டுமென்றே எதிராளியைப் பிடித்து இழுத்து ‘ஃபவுல்’ செய்யும். அப்போது கடிகாரம் நிற்கும். எதிராளி ‘ஃப்ரீ த்ரோ’வைத் தவறவிடுவானா என்று பார்க்கலாம். ஆட்டம் நொண்டியடிக்கும். பார்க்கிறவர்களுக்கோ கொட்டாவி!

இதற்கு வைத்தியம் சொன்னவர் நிக் ஈலம். ஒஹையோவில் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, பிறகு பால் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். அவர் யோசனையை டி.பி.டி.காரர்கள் 2017-ல் சில ஆட்டங்களில் சோதித்து, 2018-ல் எல்லா ஆட்டங்களுக்கும் வைத்தார்கள். கடைசிக் கால் பகுதியில் நாலு நிமிஷத்துக்குக் குறைவாக இருக்கும்போது ஆட்டம் எங்கே நிற்கிறதோ, அங்கே கடிகாரத்தை அணைத்துவிடுவார்கள். முன்னணியில் இருப்பவர்களின் பாயிண்டோடு எட்டைக் கூட்டுவார்கள். 70-64 என்றிருந்தால் 78-தான் எல்லை. முதலில் தொட்டவர் ஜெயித்தார். நேரத்தை ஓட்டி ஜெயிக்க முடியாது. பந்தைக் கூடையில் போட்டுத்தான் தீர வேண்டும். 2020-ல் என்.பி.ஏ.யின் நட்சத்திர ஆட்டத்திலேயே இந்த முறையைக் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

தோற்றவர்களின் கதை

2020 ஜூலை. கொரோனாவால் ஊரடங்கிக் கிடந்த சமயம். கொலம்பஸ் நகரில் 24 அணிகளை வெளியே விடாமல் வைத்து, பரிசோதனை மேல் பரிசோதனை செய்து, பார்வையாளர் இல்லாமலே நடத்தினார்கள். ஒருவருக்குத் தொற்று என்றாலும் அணியே வெளியே!

அந்த 24-ல் தரவரிசையில் 22-வதாக இருந்தது ‘சைட்லைன் கேன்சர்’. கணையப் புற்றுநோய் பற்றி ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதற்காகவே ஒரு குடும்ப அறக்கட்டளை இறக்கிய அணி அது. யாரும் பொருட்படுத்தாத அந்த அணி ஒவ்வொருவராகச் சாய்த்து, அரையிறுதியில் ஓவர்சீஸ் எலீட்டையே வீழ்த்தி இறுதிக்கு வந்துவிட்டது. அங்கே எதிரே நின்றது மார்க்கெட் பல்கலைக்கழகப் பழைய மாணவர்களின் ‘கோல்டன் ஈகிள்ஸ்’. 38 வயது டிராவிஸ் டீனர் தூரத்திலிருந்து விட்ட பந்து கூடையில் விழ, 78-73 என்று ஆட்டம் முடிந்தது. பத்து லட்சமும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு டாலர்கூட இல்லை. ஆனால் அந்தப் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு அவர்கள் ஆடிய ஒவ்வொரு ஆட்டமும் தொலைக்காட்சியில் வந்தது. அறக்கட்டளை கேட்டது அதைத்தானே!

நாமும் அதைக் காதில் போட்டுக்கொள்வோம். கணையப் புற்றுநோய் ஆரம்பத்தில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், பசியின்மை, மேல் வயிற்று வலி முதுகுக்குப் பரவுதல், கண்ணும் தோலும் மஞ்சளாதல், வயதானபின் திடீரென்று சர்க்கரை வியாதி தலைகாட்டுதல் ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். வேறு சாதாரணக் காரணங்களாலும் இவை வரலாம், பயப்பட வேண்டாம். புகை பிடிப்பது இந்த நோய்க்கான அபாயத்தைக் கூட்டும் என்பதை வீட்டு ஆண்களுக்குச் சொல்லி வையுங்கள். “அடுத்த வாரம் பார்த்துக்கலாம்” என்று மட்டும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கடிகாரத்தை அணைத்து வைப்பது பந்தாட்டத்தில்தான் நடக்கும், சகோதரிகளே!