ராத்திரி உங்க போன் எங்கே தூங்குது?

மணி பதினொன்று. ‘அஞ்சு நிமிஷம்தான்’ என்று போனை எடுக்கிறோம். நிமிர்ந்து பார்த்தால் மணி ஒன்று. மறுநாள் வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிச்சல். தூக்கம் குறைந்தால் முதலில் போவது பொறுமைதான்.

இரவில் போனை வேறு அறையில் சார்ஜ் போடுங்கள். ஒரே அறைதான் என்றால், கை எட்டாத அலமாரி மேல் வைத்தாலும் சரி. அலாரம் வேணுமே என்கிறீர்களா? மேசைக் கடிகாரம் ஒன்று போதும். படுக்கும் நேரம் முன்பின் ஆனாலும், ஞாயிறு உட்பட தினமும் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். எழுந்ததும் கொஞ்ச நேரம் வாசலிலோ மொட்டை மாடியிலோ நில்லுங்கள். காலை வெளிச்சம் பட்டால்தான் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சரியாக ஓடும். மாலையில் டீ, காபி வேண்டாம். அதிலுள்ள கஃபைன் உடலில் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். (ஆறு மணி டீயை விடுவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது!)

இவ்வளவு செய்தும் 2 வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை தொடர்ந்தால், அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் 2 வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அந்த ராத்திரியே அழையுங்கள்.