சிலம்பப் பயிற்சியும் சிறுவர் நலமும்

"மூச்சிரைப்பு உள்ள பிள்ளையைச் சிலம்பம் கற்க அனுப்பலாமா, டாக்டர்?" அரியமங்கலத்திலிருந்து வந்த தாயார் ஒருவர் எங்கள் புறநோயாளர் பிரிவில் கேட்ட வினா இது. ஒன்பது வயதான அவருடைய மகன், ஈராண்டுகளாக எந்த விளையாட்டிலும் சேராமல் வீட்டிலேயே இருந்து வந்தான். இத்தகைய அச்சம் பல வேளைகளில் நோயைவிடப் பெரிய இழப்பைத் தருகிறது. ஆதலின், அவ்வினாவுக்கான விடையை அனைவருக்கும் பயன்படுமாறு இங்கே தருகிறோம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடலை உழைக்க வைக்க வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாள்களாவது தசைக்கும் எலும்புக்கும் வலுவூட்டும் பயிற்சி தேவை என்றும் உலக சுகாதார அமைப்பு 2020-இல் அறிவுறுத்தியது. சிலம்பம் இவ்விரு தேவைகளையும் நிறைவு செய்ய உதவும். நமது திருச்சி உள்ளிட்ட நான்கு நகரங்களில் 2024 ஜனவரியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில், சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றதைப் பலரும் அறிவர்.

காலடி வைத்துப் பழகுகையில் உடலின் எடையைக் கால்கள் மாறிமாறித் தாங்குகின்றன. அதனால் வளரும் எலும்புகள் உறுதி பெறுகின்றன. கம்பு சுற்றுகையில் கண், கை, கால் மூன்றும் ஒருங்கே இயங்க வேண்டியிருப்பதால், உடற்சமநிலையும் கவனமும் மேம்படுகின்றன.

"தற்காப்புக் கலை கற்றால் பிள்ளை முரடனாகிவிடுவானோ?" என்று அஞ்சுவோரும் உண்டு. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் மூன்று மாதம் டேக்வாண்டோ கற்ற சிறாரிடம் தன்னடக்கமும் நன்னடத்தையும் மேம்பட்டதாக 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. ஆயினும் அப்பயன், அடிப்பதைக் கற்றதனால் மட்டும் விளைவதன்று. ஆசானை வணங்குதல், முறைக்குக் காத்திருத்தல், ஓங்கிய கையை உரிய இடத்தில் நிறுத்துதல் போன்ற ஒழுங்குகளே அதற்கு அடிப்படை. எனவே, ஆசானைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை.

இனி, மூச்சிரைப்புக்கு வருவோம். நோய் கட்டுக்குள் இருக்கும் பிள்ளை பயிற்சி பெறலாம், பெறுவது நல்லதும்கூட. தடுப்பு மருந்தை நாள்தோறும் தவறாது எடுக்க வேண்டும். மருத்துவர் அறிவுறுத்தியிருப்பின், பயிற்சிக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக நிவாரண இன்ஹேலரைப் பயன்படுத்தலாம். தொடக்கத்தில் பத்து நிமிடம் மெல்ல உடலைத் தயார்ப்படுத்துதல் நன்று. இன்ஹேலர் பிள்ளையின் பையில் இருப்பதை ஆசான் அறிந்திருக்க வேண்டும். குப்பை எரியும் புகையோ புழுதியோ மிகுந்த நாளிலும், சளி, இருமல், இரைப்பு உள்ள நாளிலும் பயிற்சி வேண்டா. சித்திரை, வைகாசி வெயிலில் அதிகாலையே உகந்த நேரம்.

வலிப்பு நோய், இதய நோய், அண்மைக்கால எலும்பு முறிவு, ஒரு கண்ணில் மட்டும் பார்வை ஆகியவை உடைய பிள்ளைகளுக்கு மருத்துவரின் ஒப்புதல் முதலில் தேவை.

காயங்களைத் தவிர்க்க, தனியாகக் கம்பு சுற்றும் பயிற்சியே முதற்படியாக அமையட்டும். ஒருவரையொருவர் தொட்டு ஆடும் தொடுமுறைப் போட்டிக்கு அவசரப்பட வேண்டா. அதில் இறங்குகையில் தலைக்கவசமும் கண்களுக்குப் பாதுகாப்பும் இன்றியமையாதன. கம்பு பிள்ளையின் உயரத்துக்கும் வலுவுக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும். தலையில் அடிபட்டால் அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது. மருத்துவரைக் கண்டு, அவர் ஒப்புதலுக்குப் பின்னரே பயிற்சியைத் தொடரலாம். வாந்தி, கடும் தலைவலி, குழப்பம், மிகுந்த உறக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வருக.

அத்தாயாரிடம் நாங்கள் கூறியதும் இவையே. முதலில் மகனின் மருந்துமுறையைச் சீர்செய்தோம். இரைப்பு கட்டுக்குள் வந்தபின் பயிற்சிக்கு ஒப்புதல் அளித்தோம். உங்கள் பிள்ளைக்கும் நோயைக் காரணம் காட்டி விளையாட்டை மறுக்குமுன், எங்களிடம் ஒரு சொல் கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு நாங்கள் கூறும் விடை "கூடாது" என்பதன்று. "இவ்வாறு செய்யலாம்" என்பதே.