காசில்லாமல் ஜொலிக்கும் வாசல்!

பொங்கலோ, ஊர்த் திருவிழாவோ வந்தால் வாசலை அலங்கரிக்க ஆசையாக இருக்குமே. கடையில் பளபளா தோரணம் வாங்கக் காசு கேட்டால் அப்பா முறைக்கிறாரா? கவலையை விடுங்க! ஒரு நூல்கண்டு இருந்தால் போதும். மீதி எல்லாம் நம் ஊரிலேயே இருக்கிறது.

அரியலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கல்லங்குறிச்சி. இங்குள்ள கலியுக வரதராசப் பெருமாள் கோவிலில் ஒரு கல்தூணைத்தான் சாமியாக வணங்குகிறார்கள். அதைக் 'கம்பம்' என்பார்கள். ராமநவமி அன்று திருவிழா தொடங்கும். தேரோட்டமும் உண்டு. வயலில் விளைந்த தானியங்களைக் காணிக்கையாகக் கொடுப்பது இங்கே வழக்கம். விழா என்றால் வாழை மரம், மாவிலை, ஓலைத் தோரணம் இல்லாமலா?

ஓலைத் தோரணம் செய்வோமா?

தேவையானவை: பச்சைத் தென்னங்கீற்று ஒன்று, நூல் கயிறு, கத்தரிக்கோல்.

1. கீற்றிலிருந்து ஓலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நடுவில் உள்ள ஈர்க்கை உருவி விடுங்கள்.

2. இரண்டு தூண்களுக்கு நடுவே கயிற்றை இழுத்துக் கட்டுங்கள்.

3. ஓலையைக் கயிற்றின் மேல் மடித்துப் போடுங்கள். முன்பக்க ஓலையில் கயிற்றுக்குக் கீழே நகத்தால் ஒரு சின்னக் கீறல் போடுங்கள். பின்பக்க ஓலையின் நுனியை அதற்குள் நுழைத்து இழுத்தால் முடிச்சு மாதிரி இறுகிவிடும்.

4. தொங்கும் நுனிகளை மீன் வால் போல வெட்டுங்கள். நீளவாக்கில் மெல்லிசாகக் கிழித்துவிட்டால் குஞ்சம் ரெடி!

இரண்டு ஓலைக்கு நடுவே ஒரு மாவிலை. அதைக் கட்ட நூல்கூட வேண்டாம். காம்புப் பக்கத்தைக் கயிற்றின் மேல் மடித்து, காம்பாலேயே இலையைக் குத்திச் செருகிவிடலாம். பொங்கல் என்றால் ஆவாரம்பூ, வேப்பிலை, சிறுபீளைப் பூ மூன்றையும் சேர்த்துக் காப்புக் கட்ட மறக்காதீங்க.

ஒரு எச்சரிக்கை! அழகாக இருக்கிறதே என்று தென்னங்குருத்தை வெட்டக் கூடாது. தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்றுதான். அது வெட்டுப்பட்டால் மரமே பட்டுப்போகும். கீழே உள்ள பச்சை மட்டையைப் பெரியவர்களிடம் சொல்லி வெட்டி வாங்குங்கள்.

சுவரில் கடல்!

கோவில் மதிலில் வெள்ளையும் சிவப்புமாகப் பட்டை பார்த்திருப்பீர்களே? வெள்ளை சுண்ணாம்பு, சிவப்பு காவி. அதே பட்டையை வீட்டுத் திண்ணையிலும் போடலாம். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதுதான் அது. அரியலூர்ப் பகுதி சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாக இருந்தது! அந்தக் கடலில் வாழ்ந்த சிப்பிகள் இன்றும் கல்லோடு கல்லாகப் புதைந்து கிடக்கின்றன. அந்தப் பாறை அடுக்குக்குப் புவியியல் அறிஞர்கள் வைத்த பெயரே 'கல்லங்குறிச்சி படிவம்'தான். எவ்வளவு பெருமை!

சுண்ணாம்பை நீர்க்க வைப்பது மட்டும் பெரியவர்கள் வேலை. தண்ணீர் ஊற்றியதும் கொதிக்கும். கண்ணில் தெறித்தால் ஆபத்து. நீங்கள் காவிப் பட்டையும், அரிசி மாக்கோலமும் போடுங்கள். எறும்புக்கும் விருந்து!

கடைத் தோரணம் ஏன் வேண்டாம்?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கொடிகளுக்குத் தடை இருக்கிறது. ஏன்? விழா முடிந்ததும் காற்றில் பறந்து போகும் பிளாஸ்டிக்கை மாடுகள் தின்றுவிடும். அது செரிக்காது. இரைப்பையிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். மாட்டுக்குத் தீனி இறங்காது. வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசிக் கும்பிடுகிற மாட்டுக்கு, நாம் கட்டிய தோரணமே எமன் ஆகலாமா?

நம் ஓலையும் மாவிலையும் காய்ந்தால் என்ன ஆகும்? குப்பைக் குழிக்குள் போய் மட்கி உரமாகும். உருவி வைத்த ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டினால் விளக்குமாறு! ஒரு துண்டுகூட வீணில்லை.

என்ன சுட்டீஸ், அடுத்த விழாவுக்கு உங்கள் தெருவில் ஓலைத் தோரணம்தானே? நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு இப்போதே முடிச்சுப் போட்டுப் பழகுங்க!