பின்சக்கர அப்சோர்பர்: தோட்டத்திலும் தாமானிலும்

பேராக் கித்தாத் தோட்டங்களில் கார் வைத்திருந்தவரும் கார் வேலை தெரிந்தவரும் ஒரே ஆளாக இருந்தது அரிது. ஐம்பது, அறுபதுகளில் தொரைக்கு லேண்ட் ரோவர்; பெரிய கிராணியாருக்கோ டிரெசருக்கோ ஒரு மோரிஸ் மைனர். அதற்கு அடியில் படுத்து எழுந்தவர் தோட்டத்து ஃபிட்டர். ஆலை இன்ஜினையும் லோரியையும் பார்த்துக்கொள்ளத்தான் அவருக்குச் சம்பளம். கார் வேலை, மேலே இருப்பவர் சொன்னதற்காக ஓய்வு நாளில் செய்தது. அவர் லயத்து வாசலில் நின்றது சைக்கிள்தான்.

மைனரின் பின்பக்கம் இன்றைய காரைப் பார்த்தவருக்கு வேடிக்கையாக இருக்கும். இரண்டு பட்டை ஸ்பிரிங்குகள். ஆட்டத்தை அடக்க, ஒரு கரம் நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய எண்ணெய்ப் பெட்டி. அதுதான் அன்றைய அப்சோர்பர். எண்ணெய் குறைந்து கார் துள்ளத் தொடங்கினால் மூடியைக் கழற்றி ஊற்றி நிரப்பலாம். உடனே கழற்றி எறிய வேண்டியதில்லை. செம்மண் பாதையில் ஓடிய காருக்கு அந்த மூடியைச் சுற்றிய மண்ணைத் துடைப்பதே பாதி வேலை. ஒரு துளி மணல் உள்ளே போனாலும் பெட்டி கெட்டது. ஜெக் ஒன்றுதான் இருக்கும். அது நழுவினால் தாங்கட்டும் என்று மரக்கட்டைகளை அடுக்கியவர்களும் உண்டு. அந்தத் துணிச்சலை இன்று கதையாகக் கேட்கலாம், பின்பற்றக் கூடாது.

தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்ட காலம் வந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது தொழிலாளரின் பங்குப் பணத்தால் தோட்டங்களை வாங்கத்தான். ஆனாலும் கித்தா போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் காலியாயின. ஃபிட்டரின் கைத்திறனுக்குச் சான்றிதழ் கிடையாது. அவரும் அவர் பிள்ளைகளும் ஈப்போவின் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு பக்கம் வந்து யாரோ ஒருவர் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தார்கள்.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வெளிவந்தது. 1993-இல் வீரா, 1994-இல் பெரோடுவா கஞ்சில். பால் மரம் வெட்டியவர் வீட்டிலும் 'ஏ' எழுத்தில் தொடங்கும் பேராக் எண் பலகை மாட்டிய கார் நின்றது. என்னைக் கேட்டால், தோட்டத்து வாழ்வை நினைத்து உருகுகிறவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பழுது பார்க்கத் தெரிந்த கைக்குச் சொந்தக் கார் கிடைக்க ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

பழைய வீராக்கள் ஈப்போவில் இன்னும் ஓடுகின்றன. அவற்றின் பின்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கும் அப்சோர்பரும் ஒரே கட்டு. தாமான் மேடுகளில் ஏறி இறங்கும்போது கார் ஒரு முறைக்குப் பதில் மூன்று முறை ஆடினால், அல்லது குழாயின் மேல் எண்ணெய் வழிந்து தூசி ஒட்டியிருந்தால், ஜோடியாக மாற்றும் நேரம் வந்துவிட்டது. போர்ச்சில் செய்யக்கூடிய வேலைதான். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கார் தரையில் நிற்கும்போதே சக்கர நட்டுகளைத் தளர்த்தி, பிறகு தூக்கி, ஜெக் ஸ்டாண்டில் இறக்க வேண்டும். பின்பக்க போனட்டைத் திறந்து உள் அட்டைகளை விலக்கினால் மேல் நட்டுகள் தெரியும். நடு நட்டைத் தொடாமல் மற்றவற்றையும் கீழ் போல்ட்டையும் எடுத்தால் கட்டு முழுவதும் கையோடு வரும்.

ஆபத்து அதற்குப் பிறகுதான். மேலே நடுவில் இருக்கும் அந்த ஒற்றை நட்டு, அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கிறது. ஸ்பிரிங்கை இறுக்கும் கருவி மாட்டாமல் அதைத் தளர்த்துகிறவன் முகத்தையோ விரலையோ பணயம் வைக்கிறான். கம்பியால் கட்டி வேலையை முடித்ததாகப் பெருமை பேசுகிறவர்கள் உண்டு. அவர்கள் கதையை டீக்கடையில் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கருவி இல்லையென்றால் அந்தக் கட்டை மட்டும் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். புதிய அப்சோர்பரைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்துச் சில முறை முழுதாக அழுத்தி இழுத்தால் உள்ளே இருக்கும் காற்று விலகும்.

கீழ் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குவது கார் தன் முழு எடையோடு நிற்கும்போதுதான். சக்கரம் தொங்கும்போதே இறுக்கினால், உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். ஓயாத அசைவைத் தாங்கும் குணத்தால் இந்த மாதிரி புஷ்களுக்கு இயற்கை ரப்பரைத்தான் பெரிதும் நம்புகிறார்கள். 1877-இல் கோலா கங்சாரில் நட்ட கித்தாக் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக அங்கே நிற்கிறது. அந்தக் கன்றுகளின் வழிவந்த மரங்களின் பாலை விடியற்காலையில் எடுத்தவர்களின் பேரன்கள், போர்ச்சில் குனிந்து, கிழிந்த புஷ்ஷைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1985 சாகாவின் காலத்தில் உதிரிப் பொருள் வாங்க ஈப்போ டவுனுக்குப் போய், கடைக்காரரிடம் பழையதைக் காட்டி, பேரம் பேசி வர வேண்டியிருந்தது. இன்று ஷாப்பீயில் பெட்டி வீட்டுக்கே வருகிறது. பெட்டிக்குள் இருப்பது அசல்தானா என்பது தனிக் கவலை. வழிகாட்டக் காணொளி இருக்கிறது. ஆனால் காணொளியில் போல்ட் எப்போதும் சட்டென்று கழன்றுவிடும். தோட்டத்தில் ஒருவர் குனிந்தால் நான்கு பேர் கூடி நின்று நான்கு யோசனை சொன்னார்கள், பாதி தவறு என்றாலும். தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டை மூடிக்கொண்டு போகிறார். பல அடுக்குமாடிகளில் கார் நிறுத்துமிடத்தில் பழுது பார்க்கவே நிர்வாகம் விடுவதில்லை. குறைந்த விலை வீடுகளுக்குப் போன தோட்டக் குடும்பங்களுக்கு இது பெரிய இழப்பு.

பெரோடுவா மைவியின் பின்பக்கம் வேலை இன்னும் எளிது. அதில் ஸ்பிரிங் வேறு, அப்சோர்பர் வேறு. ஸ்பிரிங்கை இறுக்கும் கருவியே வேண்டாம். அச்சை ஜெக்கால் தாங்கிக்கொண்டு அப்சோர்பரை மட்டும் மாற்றலாம். வீராக்காரர்களுக்குத்தான் துருவோடு போராட்டம். முதல் நாள் இரவே போல்ட்டில் துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் காஸ் நெருப்பைக் காட்டாதீர்கள், புஷ் வெந்துவிடும். நீண்ட பிடி போட்ட ஸ்பேனரோ பட்டறைக்காரரின் காற்றுத் துப்பாக்கியோதான் வழி. அதனால் வேலையைச் சனிக்கிழமை காலையிலேயே தொடங்கிவிடுங்கள். ஞாயிறன்று பல பட்டறைகள் மூடியிருக்கும்.