செயலிக்கடைகளும் கையடக்க விளையாட்டுக்கருவிகளும்: விலைமுறை மாற்றம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

திறன்பேசியின் வருகையால் கையடக்க விளையாட்டுக்கருவிகளின் சந்தை சுருங்கியது என்பது பொதுவான கருத்து. அச்சுருக்கத்திற்குத் திறன்பேசி என்னும் கருவியைவிட, அதனுடன் வந்த செயலிக்கடை என்னும் விற்பனை அமைப்பே முதன்மைக் காரணம் என்பதை நிண்டெண்டோ நிறுவனத்தின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கையடக்க விளையாட்டுக்கருவி, திறன்பேசி, செயலிக்கடை, விலைமுறை, நிண்டெண்டோ.

முன்னுரை

நிண்டெண்டோ 2004ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட டிஎஸ் கருவி உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்பனையானது. 2011 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியான அதன் வழித்தோன்றலான 3டிஎஸ், ஏறத்தாழ 7.6 கோடியோடு நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த சோனியின் வீட்டாவின் உற்பத்தி 2019இல் நிறுத்தப்பட்டது. டிஎஸ்ஸுக்கும் 3டிஎஸ்ஸுக்கும் இடைப்பட்ட காலத்தில் 2007இல் ஐஃபோனும், 2008 ஜூலை 10 அன்று ஆப்பிளின் செயலிக்கடையும் அறிமுகமாயின. இவ்விரண்டில் எது மாற்றத்திற்குக் காரணமானது என்பதே இங்கு எழும் வினா.

கருவியும் கடையும்

கைபேசியில் விளையாடுவது ஐஃபோனுடன் தொடங்கியதன்று. நோக்கியா 2003இல் வெளியிட்ட என்-கேஜ், கைபேசியையும் விளையாட்டுக்கருவியையும் ஒன்றாக இணைத்தது; எனினும் அது சந்தையில் வெற்றி பெறவில்லை. அதன் விளையாட்டுகளும் நினைவக அட்டைகளில் பதிவு செய்யப்பட்டுக் கடைகளிலேயே விற்கப்பட்டன. கருவிகள் ஒன்றிணைந்தபோதும் விற்பனைமுறை மாறவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

அக்கால விற்பனைமுறையில், விளையாட்டை வெளியிடும் நிறுவனம் ஒவ்வொரு கேட்ரிட்ஜுக்கும் உற்பத்திச் செலவையும் உரிமத் தொகையையும் முன்கூட்டியே செலுத்த வேண்டும். விற்காத சரக்கின் இழப்பும் அந்நிறுவனத்தையே சாரும். ஆகவே ஒரு விளையாட்டின் விலை சுமார் 30 முதல் 40 டாலராக இருந்தது. ஆப்பிளின் கடையிலோ ஆண்டுக்கு 99 டாலர் செலுத்தும் எவரும் தம் படைப்பை விற்பனைக்கு வைக்கலாம். தொடக்கத்தில் விற்பனைத் தொகையில் 30 விழுக்காடு ஆப்பிளுக்கும் 70 விழுக்காடு படைப்பாளருக்கும் சேர்ந்தன. முன்முதலீட்டுச் சுமை நீங்கியதால் விலையின் அடித்தளமும் தகர்ந்தது. பின்லாந்தின் ரோவியோ நிறுவனம் 2009 டிசம்பரில் வெளியிட்ட ‘ஆங்ரி பேர்ட்ஸ்’ ஒரு டாலருக்கும் குறைந்த விலையில் விற்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில், இலவசச் செயலிகளுக்குள்ளும் பொருள்களை விற்க ஆப்பிள் இசைவளித்தது. இதனால் நுழைவு விலை சுழியமாயிற்று.

2011ஆம் ஆண்டின் நெருக்கடி

நிண்டெண்டோவின் தலைவர் சதோரு இவாட்டா, 2011 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில், எண்ணிக்கையைப் பெருக்குவதையே நோக்கமாகக் கொண்ட அமைப்புகளுக்கு விளையாட்டின் மதிப்பைக் காப்பதில் அக்கறையில்லை என்னும் கருத்தை முன்வைத்தார். அம்மாத இறுதியில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வெளியான 3டிஎஸ், ஆகஸ்டிலேயே 169.99 டாலராகக் குறைக்கப்பட்டது. இவாட்டா தம் ஊதியத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார். 2012 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் நிறுவனம் 43.2 பில்லியன் யென் நிகர இழப்பைக் கண்டது. இவ்விழப்பில் யென்னின் மதிப்பு உயர்வுக்கும் பங்குண்டு. எனினும் விலைக்குறைப்புக்குப் பின்னும், ஆண்டிறுதியில் வெளியான மரியோ விளையாட்டுகளுக்குப் பின்னும் 3டிஎஸ்ஸின் விற்பனை மீண்டது. தனிக்கருவிக்கென உருவான படைப்புகளுக்கு முழு விலை கொடுப்போர் மறைந்துவிடவில்லை என்பதை இது காட்டுகிறது. அவ்வப்போது சிறிது நேரம் விளையாடுவோரே செயலிக்கடைக்குப் பெயர்ந்தனர் எனக் கொள்ளலாம்.

இரு விலைமுறைகளின் மோதல்

நிண்டெண்டோ 2015 மார்ச்சில் டிஎன்ஏ நிறுவனத்துடன் கூட்டணி அமைத்துத் திறன்பேசித் துறையில் நுழைந்தது. 2016 டிசம்பரில் வெளியான ‘சூப்பர் மரியோ ரன்’ விளையாட்டின் தொடக்கப் பகுதி இலவசம். முழுவதையும் விளையாட ஒருமுறை 9.99 டாலர் செலுத்த வேண்டும். 20 கோடிக்கும் மேற்பட்ட பதிவிறக்கங்கள் நிகழ்ந்தபோதும், ஏற்கத்தக்க இலாப அளவை அது எட்டவில்லை என நிறுவனமே 2017இல் தெரிவித்தது. மறுபுறம், வாய்ப்பின் அடிப்படையில் பாத்திரங்களைப் பெறுவதற்கு மீண்டும் மீண்டும் பணம் செலுத்தச் செய்யும் ‘ஃபயர் எம்பளம் ஹீரோஸ்’ பெரும் வருவாய் ஈட்டியது. செயலிக்கடையில் விலைபோனது முழுமையான படைப்பன்று, விளையாடுவோரின் தொடர்ச்சியான செலவே என்பதற்கு இவ்விரண்டும் சான்றாகும்.

2017 மார்ச்சில் வெளியான ஸ்விட்ச், தொலைக்காட்சியோடும் இணைத்து விளையாடத்தக்க கலப்புக் கருவியாக அமைந்து, முழு விலை விளையாட்டுகளுக்கான சந்தையை மீட்டது. கையடக்கக் கருவி தன் தனித்த வகைமையைத் துறந்தே நிலைபெற்றது எனலாம்.

முடிவுரை

இம்மாற்றத்தின் விளைவு வணிகத்தோடு முடிவதன்று. 2017இல் வந்த ஐஓஎஸ் 11, 32 பிட் செயலிகளுக்கான ஆதரவை நிறுத்தியபோது, புதுப்பிக்கப்படாத பல தொடக்ககால விளையாட்டுகள் புதிய இயங்குதளத்தில் இயங்காமற் போயின. 3டிஎஸ்ஸின் இணையக்கடையும் 2023 மார்ச்சில் விற்பனையை முடித்துக்கொண்டது. 2004இல் விற்ற கேட்ரிட்ஜை இன்றும் பழைய கருவியில் இயக்கி ஆராயலாம்; கடையைச் சார்ந்த படைப்புக்கு அவ்வுறுதி இல்லை. நிகழ்பட விளையாட்டை ஆய்வுப்பொருளாகக் கொள்வோர், அது விற்கப்பட்ட முறையையும் மூலச்சான்றின் ஒரு கூறாகக் கருதுதல் வேண்டும்.